திரைக்காரனும் ஒரு கல்வெட்டும்

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இரவல் வாங்கிய நாற்காலிகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, அவளைப் பற்றி எழுதுவதற்காகக் கணினியின் முன் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் மேசைக்கு அடியிலிருந்த பெட்டியின் விசிறி இரையத் தொடங்கியது. சுட்டியின் அம்பு திரையில் அப்படியே நின்றது. நான் தட்டிய எழுத்துகள் சற்று நேரம் எங்கோ தங்கியிருந்துவிட்டு, பிறகு ஒரே கூட்டமாக வந்து விழுந்தன. பொறுத்திருந்தேன். எல்லாம் அடங்கியது. மறுபடி எழுதினேன்; மறுபடியும் இரைந்தது.

எழுதவேண்டியது ஒரு கல்வெட்டு. இந்தச் சொல்லை நான் விளக்கித்தான் ஆகவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டங்களில் கிராணி வேலைக்கு, அதாவது கணக்கெழுதும் வேலைக்கு, இங்கே, மலாயாவுக்கு, வந்தவர்களின் வழிவந்தவன் நான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்த முப்பத்தொன்றாம் நாள், வந்திருப்பவர்கள் கையில் ஒரு சிறு அச்சுப் புத்தகம் கொடுப்போம். அதில் இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவினர் பெயரில் சில இரங்கற்பாக்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், இறந்த நாளைக் குறிக்கும் திதி வெண்பா. இதற்குப் பெயர் கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, காகிதம்தான்.

என் மனைவி பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்களின் மகள். அவள் வீட்டார் பதினாறாம் நாளோடு முடித்துக்கொள்பவர்கள். ராசா நகரில் இருக்கும் என் மூத்த சகோதரிக்கு நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது, "அவையின்ர ஆக்களுக்கு இது வழக்கமில்லையே, தம்பி. ஆர் வாசிக்கப் போயினம்?" என்றார். அன்பில்லாமல் சொன்னதல்ல, நாற்பதாண்டுப் பழக்கத்தில் சொன்னது. நான் செய்வதாக முடிவெடுத்துவிட்டேன் என்றேன்.

முடிவெடுத்ததற்குக் காரணம் அவளே சொன்ன ஒரு வாக்கியம். என் தாயாரின் முப்பத்தொன்றாம் நாளில் என் மனைவி அந்தக் கல்வெட்டை அட்டை முதல் அட்டை வரை வாசித்தாள். வீடு திரும்பும்போது காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல இருக்கிற அம்மாவ எனக்குத் தெரியாதே. பொறுமையின் சிகரமாம்! நான் பாத்த உங்கம்மா மீன் வெல கேட்டா பாசார்ல பாதிப் பேரு ஓடிருவான்," என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணு போட்டீங்கன்னா அதுல நான் இருக்கணும். இல்லன்னா போடாதீங்க லா," என்றாள்.

நான் ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

கோலா பிலாவைத் தாண்டி, அவள் பிறந்த தோட்டத்தின் ஓரத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டோம். பால்மரங்கள் போய் நெடுநாளாகிறது; இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. அடுத்த வீட்டில் அவள் தம்பி; செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். பதினாறுக்கு மறுநாள் அவரே என்னை ராசாவில் ஓர் அச்சகத்துக்கு அழைத்துப் போனார். கடைக்காரரிடம், "கல்வெட்டு ஒன்று அடிக்க வேண்டும்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்லு வேல நாங்க செய்யறதில்ல சார். மந்தின் போற வழியில ஒரு சீனர் இருக்காரு, நல்லா செய்வாரு. கிரானைட்டா, மார்பிளா?"

"அண்ணே, எங்கக்காவ எரிச்சாச்சு, பொதைக்கல. கல்லக் கொண்டு போய் எங்க நடுறது?" என்றார் மைத்துனர்.

"அப்பறம் எதுக்குப்பா கல்வெட்டு?"

"புக்கு லா அண்ணே. மாமா ஆளுங்க புக்குக்கு வச்ச பேரு அது."

"புக்குக்கே கல்லுன்னா, கல்லுக்கு என்னா பேரு வச்சிருக்காங்களாம்?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் இல்லை. அவள் அங்கே இருந்திருந்தால் முதலில் அவள்தான் சிரித்திருப்பாள். முப்பத்தொன்றாம் நாளுக்குப் புத்தகம் கையில் இருக்கவேண்டுமானால், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை எழுத்து முழுவதும் தம்மிடம் வந்துவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். காலையில் வந்தால் ஒரு படி எடுத்துக் காட்டுவாராம், பிழை பார்க்கலாமாம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் விசிறி இரைந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு வேதியியல் கற்பித்தவன். விட்டுவிட்டு வரும் பிழைதான் பிழைகளில் மிகக் கொடியது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன். எப்போதும் இருக்கும் பிழையை அளக்கலாம், கழித்துவிடலாம். வந்து போகிற பிழை, நாம் பார்க்கும்போது இல்லாமல் இருக்கும்.

எந்த நிரல் கணினியின் ஆற்றலை எவ்வளவு உண்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டேன். இரைச்சல் வந்தபோதெல்லாம் பட்டியலின் உச்சியில் ஒரே பெயர்தான் ஏறியது. என் கணினி லினக்ஸில் ஓடுவது. அதில் திரையில் தெரியும் ஒவ்வொரு சாளரத்தையும் வரைந்து காட்டுவதற்கென்று ஒரு நிரல் உண்டு. சுட்டி அசைவதையும் விசை தட்டப்படுவதையும் கேட்டுச் சொல்வதும் அதே நிரல். காட்சிச் சேவையகம் என்று கலைச்சொல் அகராதி சொல்கிறது. என் மனைவி சொன்னது வேறு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தவள் அவள். வினாத்தாள்களை இதே கணினியில்தான் தயாரித்தாள். ஒருமுறை திரை உறைந்தபோது நான் அந்த நிரலைப் பற்றி நெடுநேரம் விளக்கினேன். கேட்டு முடித்து, "ஓகோ, நம்ம திரைக்காரனா?" என்றாள். அவள் சிறு வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்ட வருபவரை அப்படித்தான் அழைப்பார்களாம். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த நிரலுக்கு அதுதான் பெயர்.

திரைக்காரனுக்கு என்ன நேர்ந்தது என்று தேடினேன். பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். வரைகலை அட்டையின் இயக்கியை மாற்றினேன்; பழையதற்குத் திரும்பினேன். சாளரங்களுக்கு நிழல் விழும் அலங்காரங்களை நிறுத்தினேன். உலாவியை மூடினேன். திரையின் கம்பியைக் கழற்றி வேறொன்றைச் செருகினேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, காத்திருந்து, பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் அந்த வாரம் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒழுங்கு மட்டும்தான். காப்புறுதிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியபோது கணினி அமைதியாக இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு மின்னஞ்சல் எழுதியபோதும் அமைதி. கல்வெட்டுக்குத் திரும்பியதும் இரைச்சல்.

மாலையில் லோரியை நிறுத்திவிட்டு மைத்துனர் எட்டிப் பார்ப்பார்.

"என்னா மாமா, பொட்டி இன்னும் ரொசாக்கா, சரியாவலயா?"

"இன்னும் பிடிபடவில்லை."

"எத்தன வரி ஆச்சு?"

நான் திரையைக் காட்டினேன். பிறந்த ஊர், பெற்றோர், படித்த பள்ளி, பணியாற்றிய பள்ளிகள். அவர் உதட்டை அசைத்து வாசித்தார்.

"இது வேலைக்கு அப்ளிகேஷன் போட்ட மாதிரி இருக்கு மாமா. அக்காவக் காணோமே?"

"அதற்குத்தான் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்." அவள் பேச்சில் இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், எதிரில் இருப்பவரின் பெருமையில் ஊசி ஏற்றிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இதற்கு எனக்கு ஆங்கிலத்தில் சொல் இருந்தது. அகராதியில் தேடினால், 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்' என்று வந்தது. நகைச்சுவை உணர்வு மிக்கவரை எனக்குத் தெரியாது.

நான் சொன்னதை அவர் கேட்டார். "இதுக்குப் போயி புக்கப் பொரட்டுவாங்களா? குசும்பு, மாமா. எங்கக்கா குசும்புக்காரி. ஹெட்மாஸ்டரு புதுக் காரு வாங்கிட்டு வந்து காட்டினாராம். சுத்திப் பாத்துட்டு, 'ஹார்ன் நல்லா இருக்கு சார்'னு சொல்லிட்டுப் போயிடுச்சாம். எளுதுங்க லா அத."

"கல்வெட்டில் அப்படியெல்லாம் எழுதுவதில்லை, தம்பி."

"அப்ப என்னாத்துக்கு அந்தக் கல்லு?" என்று கேட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார்.

பகுப்பாய்வில் வெற்றுச் சோதனை என்று ஒன்று உண்டு. ஆராயவேண்டிய பொருளைச் சேர்க்காமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து பார்ப்பது. நான் கல்வெட்டுக் கோப்பைத் திறந்து, தமிழ் விசைப்பலகையை வைத்துவிட்டு, எதுவும் எழுதாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமைதி. பிறகு, அச்சிட்ட தேவாரப் பக்கம் ஒன்றை நிறுத்தாமல் பார்த்துத் தட்டினேன். அப்போதும் அமைதி. தமிழ் எழுத்துகள் குற்றவாளி அல்ல.

பிறகுதான் திரைக்காரனின் செயல்களை வரி வரியாகப் பதிவுசெய்து வாசித்தேன். இரைச்சல் எழுந்த இடத்திலெல்லாம் ஒரே செயல் திரும்பத் திரும்ப வந்தது: விசைப்பலகையின் வரைபடம் முழுவதையும் புதிதாகக் கட்டுவது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அந்த வரைபடத்தை, பெட்டியில் செருகியிருந்த ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தது. அது முடியுமுன் அடுத்த கட்டளை வந்தது. அதற்கும் முன் இன்னொன்று.

கட்டளை இட்டது நான். பல ஆண்டுகளுக்கு முன் அவள் கேட்டுக்கொண்டதற்காக, ஒவ்வொரு சாளரமும் தன் மொழியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான்தான் அமைத்துக் கொடுத்தேன். வினாத்தாளின் சாளரம் எப்போதும் தமிழில் இருக்கும். அவளுக்கு அது பழுதில்லாமல் ஓடியது, ஏனென்றால் அவள் தமிழுக்குள் போனால் வினாத்தாள் முடியும்வரை வெளியே வரமாட்டாள். நான் ஒரு பெயரடை எழுதுவேன், அகராதிச் சாளரத்துக்குப் போய் ஆங்கிலச் சொல்லைத் தட்டுவேன், திரும்பி வந்து பெயரடையை அழிப்பேன், மறுபடி போவேன். ஒவ்வொரு போக்குக்கும் வரவுக்கும் திரைக்காரன் மொழியை மாற்றிக் கட்டினான். பதிவு அதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு சொற்களுக்கு மேல் நான் தமிழில் தங்கியிருக்கவில்லை. இயந்திரத்தில் பழுது இல்லை.

வியாழக்கிழமை பிற்பகல், ஆங்கில விசைப்பலகையை அமைப்பிலிருந்தே நீக்கினேன். கணினி முழுவதும் தமிழ் மட்டும். அகராதியை மூடினேன். எஞ்சியிருந்தது திதி வெண்பா. ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை முன் அடிகளில் ஏற்கெனவே வைத்துவிட்டேன்; அது கணக்கு. ஈற்றுச் சீர் மட்டும் அமையவில்லை. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடியவேண்டும். இலக்கணம் எனக்குத் தெரியும். அதை நான் வளர்ந்த பிறகு நூல்களில் கற்றேன். பேச்சு அவளிடம் இருந்தது. நாற்பது ஆண்டுகள் அவள் தமிழில் பேசினாள், நான் பாதி ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. போவதற்கு வேறு சாளரம் இல்லாமல் அந்த வெண்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது குசும்பு என்ற சொல்லை அசை பிரித்துப் பார்த்தேன். குசும் நிரை, கடைசியில் குற்றியலுகரம். பிறப்பு என்னும் வாய்பாடு. எதுவும் குறையாமல், மிகாமல், பொருந்தியது. தட்டினேன். விசிறி இரையவில்லை. அந்த ஓர் அடியில் அவள் இருந்தாள். மற்றப் பக்கங்களில் இல்லை, ஆனாலும் இருந்தாள்.

"மாமா! இடி இடிக்குது, பிளக்கப் புடுங்குங்க!" என்று அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. சேமித்துவிட்டு, அணைத்து, கம்பியை உருவினேன். வேலிப் பக்கம் போய், அவருடைய சொல்லைச் சேர்த்துவிட்டேன் என்றேன். "நெசமாவா?" என்றார். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் வேறு எதுவும் பேச முடியவில்லை. சட்டை நனைய நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கணினியை இயக்கினேன். கடவுச்சொல் கேட்டது. என் கடவுச்சொல் ஆங்கில எழுத்துகளால் ஆனது. ஆங்கில விசைப்பலகையை நான் கணினி முழுவதிலிருந்தும் நீக்கியிருந்தேன். நான் தட்டியவை தமிழ் எழுத்துகளாகப் புள்ளிகளுக்குப் பின்னால் விழுந்தன, கணினி மறுத்தது. என் வீட்டுக் கதவைத் தமிழால் பூட்டிவிட்டுச் சாவியை ஆங்கிலத்தில் வைத்திருந்தேன். ஆங்கிலம் படித்துத் தமிழுக்கு வந்தவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது. அவள் இருந்திருந்தால் வாசலில் நின்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். என்ன சொல் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரைக்காரன் இல்லாமலே உள்ளே போக ஒரு வழி உண்டு: வெறும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சாளரம் எதுவும் இல்லை. அந்த வழி நினைவுக்கு வருவதற்கே நேரம் பிடித்தது. அங்கே ஆங்கிலம் மட்டும்தான் தட்டலாம். தமிழை வரைந்து காட்ட ஆள் இல்லை. கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று அங்கிருந்தே திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாகச் சிறு சதுரங்கள். பிறந்த ஊர் சதுரங்கள், பள்ளிகள் சதுரங்கள், வெண்பாவும் சதுரங்கள். கடைசியில் இருந்த சில சதுரங்கள் எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டு, இருக்கவேண்டியதைவிடச் சற்று அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆங்கில விசைப்பலகையைத் திரும்பச் சேர்த்து, கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, மைத்துனரின் காரில் ராசா போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை கடந்துவிட்டது. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்டாயிடுச்சு சார். படி எடுத்துக் காட்டறதுக்கு நேரமில்ல. நேரா மிஷின்ல ஏத்திடறேன். கவலப்படாதீங்க, நான் ஒரு தடவ பாத்துடறேன்." நன்றி சொன்னேன்.

முப்பத்தொன்றாம் நாள் காலை அவரே பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். சாமான்களுக்கு நடுவே என்னைத் தனியே அழைத்து, தணிந்த குரலில், "சார், பாட்டுல கடைசியில ஒரு எழுத்துப் பிழ இருந்திச்சு. போனவங்களப் பத்தின பாட்டுல போயி குசும்புன்னு விழுந்திருந்திச்சு. நல்ல வேள, பாத்துட்டேன். 'சிறப்பு'ன்னு மாத்திட்டேன்," என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரதி கையில் கிடைக்கும் முன்பே என் மனம் அசை பிரித்துவிட்டது. சிறப்பு: அதே வாய்பாடு. வெண்பாவுக்கு ஒரு குறையும் இல்லை.

"மிக்க நன்றி," என்றேன். அவர் செய்தது மரியாதை.

கல்வெட்டு எல்லோர் கையிலும் போயிற்று. என் சகோதரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "வடிவா வந்திருக்கு, தம்பி. வெண்பா நல்லாய் முடிஞ்சிருக்கு. ஆருக்கும் ஒரு குறை சொல்ல ஏலாது," என்றார். நாற்பதாண்டுகளில் அவர் என் மனைவியைப் பற்றிச் சொன்னவற்றுள் மிக அன்பானது அதுதான் என்பதால் நான் தலையசைத்தேன்.

மைத்துனர் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் லோரியின் படியில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, போட்டுட்டேன்னு சொன்னீங்களே. எங்க?"

விரலால் அந்தச் சீரைக் காட்டினேன்.

"இது சிறப்பு."

"ஆமாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தார். அதை யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "அப்ப இதுல அக்கா இல்ல," என்றார். குற்றம் சாட்டவில்லை. காணாமல் போன ஒரு பொருளைத் தேடி முடித்தவரின் குரல். புத்தகத்தை நான்காக மடிக்காமல், மடங்கிவிடாமல், சட்டைக்குள் செருகிக்கொண்டு பாயாசம் பரிமாறப் போனார்.

எஞ்சிய பிரதிகள் கணினி மேசைக்குக் கீழே, பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. விசைப்பலகைகள் இரண்டும் முன்போலவே இருக்கின்றன. ஒவ்வொரு சாளரமும் தன் மொழியை நினைவில் வைத்துக்கொள்ளும் அந்த அமைப்பையும் நான் மாற்றவில்லை. அன்றிலிருந்து திரைக்காரன் ஒருமுறைகூடச் சூடேறியதில்லை. மகளுக்கும் காப்புறுதிக்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். தமிழுக்கு மாற வேண்டிய தேவை வரவில்லை. இதைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்ய வேறொருவரிடம் கொடுக்கப்போகிறேன். ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.